காது வில்லையும் 15 நம்பரும்

எங்க பக்கம் சந்தையில மாடு பிடிக்கப் போறவங்க பல்லைப் பார்ப்பாங்க, சுழியைப் பார்ப்பாங்க. அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்குதுங்க. "மாடு எந்த ஊரு?" விக்கிறவன் ஊர் சொல்லத் தடுமாறினா, எத்தனை லிட்டர் கறந்தாலும் கயித்தைக் கையில வாங்க மாட்டாங்க. செல்போன் வாங்கும்போது மட்டும் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கறதில்லை. கேமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும், அவ்வளவுதான்.

போன மாசம் மஞ்சக்காட்டுல களையெடுக்க வர்ற அம்மா ஒருத்தர் மடியிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினாங்க. மகள் இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கு. பாடமெல்லாம் வாட்ஸ்அப்புலதான் வருதாம்.

"ஏனுங்ண்ணா, நாலாயிரம் சொல்றாங்க. ஆயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். நல்ல போனுங்களா?"

பார்த்தா பளபளன்னு இருக்குது. புதுசு பன்னெண்டாயிரத்துக்குக் குறையாது. பில் இல்லை, டப்பா இல்லை, சார்ஜர்கூட இல்லை. வித்தவன் உள்ளூர்ப் பையன்தான், எனக்கும் தூரத்துச் சொந்தம்.

இப்பல்லாம் மாட்டுக்குக் காதுல மஞ்ச வில்லை மாட்டுறாங்களே, அதுல 12 நம்பர் இருக்கும். அதே மாதிரி போனுக்கு 15 நம்பர் இருக்குதுங்க, ஐஎம்இஐ-ன்னு பேரு. *#06# அடிச்சா திரையில வந்துடும். ரெண்டு சிம் போனா இருந்தா ரெண்டு நம்பர் வரும். டப்பாவுலயும் பில்லுலயும் அதே நம்பர் இருக்கணும். பழுது பார்த்தப்ப போர்டை மாத்தியிருந்தாலும் நம்பர் மாறும்தான், ஆனா அப்ப அதுக்கு ரசீது கேக்கணும்.

அடுத்தது, ஆங்கில எழுத்துல கே ஒய் எம்-னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த 15 நம்பரைப் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்பணும். 2023-ல மத்திய அரசு தொடங்குன சஞ்சார் சாத்தி தளத்துலயும் பார்க்கலாம். முடக்கப்பட்டதுன்னோ, போலி நம்பர்னோ, ஏற்கெனவே வேற போன்ல ஓடுதுன்னோ பதில் வந்தா தொடவே கூடாது. நாங்க அனுப்பினோம். முடக்கப்பட்டதுன்னு வந்துச்சு. அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியலீங்க.

பதில் நல்லபடியா வந்தாலும் முழுசா நம்பிட முடியாது. பறிகொடுத்தவர் புகார் குடுத்துப் பதிஞ்சாத்தான் அதுல ஏறும். நேத்து ராத்திரி பஸ்ஸுல திருடுனது இன்னிக்குக் காலையில சுத்தமாத்தான் காட்டும். அதனாலதான் பில்லு முக்கியம். விக்கிறவர் தன்னோட கூகுள் கணக்கை நம்ம கண்ணு முன்னாடியே எடுத்துவிடணும். வித்த மாடு பழைய கட்டுத்தறிக்கே ஓடுற மாதிரி, அழிச்சுப் போட்டாலும் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிக்கிற போன் உண்டு. பணத்தையும் ரொக்கமாக் குடுக்காம ஜிபே-யில போட்டா யாருக்குப் போச்சுன்னு ஆதாரம் இருக்கும்.

சாயங்காலம் அந்தம்மாவோட நானும் போனேன். பையன் குதிச்சான். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன்கிட்ட ரெண்டாயிரத்து ஐநூறு குடுத்து வாங்குனேன் மாமா, நான் என்ன திருடனா?"

"வாங்கும்போது தெரியாது, சரி. இப்பத் தெரியுமில்ல?"ன்னு கேட்டேன். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ நேர்மையில்லாம வச்சிருந்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். முன்ன 411-ம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்துல 317. சிம்மைப் போட்டாலே அந்த நம்பர் போலீசுக்குத் தெரிய வரும். முதல்ல போன் வர்றது இந்தக் காலேஜ் பொண்ணுக்குத்தானே? வயசுப் பொண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்கன்னா ஊரு என்ன பேசும்னு டவுன்ல இருக்கற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்ணும் இருக்குது. அந்தப் போனைத் தொலைச்சவரும் யாரோ ஒரு தாயோ மகளோதான். அதுல என்னென்ன போட்டோ இருந்துச்சோ!

ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடு, நானும் கூட வர்றேன்னு சொன்னேன். பார்க்கலாம்னான். இதுவரைக்கும் கூப்பிடலை. அட்வான்ஸ் ரெண்டு தவணையில திரும்பி வந்துச்சு. அவங்கம்மா இப்ப என்கூடப் பேசறதில்லை.

அந்தப் பொண்ணுக்குக் கோபியில ஒரு கடையில பில்லோட பழைய போன் ஒண்ணு, அஞ்சாயிரத்து ஐநூறுக்கு எடுத்துக் குடுத்தோம். மீதி ரெண்டாயிரம் பாக்கி இருக்குது, மஞ்ச வெட்டு முடிஞ்சதும் குடுக்கறதாப் பேச்சு.