வாட்டம் கெடாமல் கல் பதிக்க

"முற்றம் சரிவா இருக்கு, கல்லைப் போட்டு மட்டமாக்கிடுங்க." கடப்பாக் கல் பதிக்க வரும் கொத்தனாரிடம் வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். வேலை நடக்கும் இடத்தில் நின்று கவனித்தால் இந்தக் கோரிக்கையே தவறு என்று புரியும். மழை விழும் கான்கிரீட் தரைக்கு வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, கட்டாயம் வேண்டும். அந்த வாட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டே கற்களை ஒரே சீராகப் படுக்க வைப்பதில்தான் தொழில் இருக்கிறது. கொத்தனார் ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி, வாசற்படிக்குக் கீழே ஒரு மட்டத்தைச் சுவரில் குறிக்கிறார். அங்கிருந்து வடிகால் பக்கம் 10 அடிக்கு 2 அங்குலம் இறக்கி நூல் கட்டுகிறார். நூலிலிருந்து கீழே அளந்தால் பழைய தரையின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். பிறகு கல் பிரிக்கும் வேலை. பாலீஷ் போடாத கல் ஒரே லோடில்கூட ஒரே கனத்தில் வராது. தடித்தது பள்ளத்துக்கு, மெல்லியது மேட்டுக்கு. சித்தாள் பெண்கள் கல்லைத் தூக்கும்போதே கனம் பார்த்து ஒதுக்கி வைக்கிறார்கள். இந்தக் கைக்கணக்கு தவறினால் நூல் கட்டியும் பயனில்லை. ஆனால் இதற்கென்று தனிக்கூலி யாரும் தருவதில்லை.

சரிவில் நாற்காலி ஆடுமே என்பார்கள். ஒரே சீரான சரிவில் நான்கு கால்களும் தரையில் பதியும். நாற்காலியை ஆட்டுவது ஒரு கல்லின் விளிம்பு பக்கத்துக் கல்லைவிடத் தூக்கி நிற்பதுதான். தாழ்ந்த பக்கம் கலவையைக் கூட்டி மட்டமாக்கினால் என்ன என்றும் கேட்கலாம். 10 அடிக்கு 10 அடி இடத்தில் 2 அங்குலச் சரிவை நிரப்ப எட்டு கன அடிக்கு மேல் கலவை வேண்டும். எடை ஏறக்குறைய அரை டன். மொட்டை மாடியானால் அந்தச் சுமையைக் கட்டடம் தாங்கவேண்டும். அத்தனைக்குப் பிறகும் மட்டமான தரையில் நீர் தேங்கி, இணைப்புகள் வழியே கல்லுக்கு அடியில் இறங்கும்; பாசி பிடிக்கும், வெள்ளையாக உப்புப் பூக்கும்.

சதுர அடிக் கணக்கில் கூலி பேசுகிறோம். கல் பிரிப்பதற்கும், பழைய கான்கிரீட்டைக் கொத்திக் கழுவி நனைப்பதற்கும் ஆகும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. அவசரத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்துக் கல்லைப் படுக்கவைத்து விடுகிறார்கள். தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும்; கனமான தொட்டியை வைத்தால் கல் விரிசல் விடும். இதற்குக் கொத்தனாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, விலையைக் குறைத்துக் கேட்டவருக்கும் பங்கு உண்டு. சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றுவதும் இதே அவசரம்தான். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டால் மேல்முகம் அரித்து வெளுத்துவிடும்.

முற்றத்துக்குக் கல் போட நினைப்பவர்கள், கல் பிரிக்கவும் தரை கொத்தவும் ஒரு நாள் கூலியைத் தனியாகப் பேசுங்கள். வாட்டத்தை எடுக்கச் சொல்லாதீர்கள்.