முயலின் பசி

பசியை வறுமையின் அடையாளமாகவே நாம் பேசியும் எழுதியும் வருகிறோம். அது உயிரின் அடையாளமும் ஆகும் என்பதை எங்களுக்கு உணர்த்தியது, தில்லிக் குடியிருப்பில் நாங்கள் வளர்க்கும் பெண் முயல்.

வயதேறிய பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் காண்பது மிகுதி. ஆதலின் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி கருப்பையை அகற்றச் செய்தோம். வீடு திரும்பிய முயல் புல்லை முகர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு நாள் உண்ணாதிருத்தல் நமக்கு விரதம்; முயலுக்கோ உயிருக்கே ஊறு. அதன் குடல் ஓயாது இயங்க வேண்டும். வலியால் உணவு குன்றினால் குடலின் அசைவு தளர்ந்து, காற்று நிறைந்து, வலி மேலும் பெருகும்.

மருத்துவர் வலி நீக்கும் மருந்தைத் தொடரச் சொன்னார். அவர் காட்டியவாறே, ஊறவைத்து மசித்த முயல் தீனியை ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டினோம். அருகம்புல்லையும் கொத்தமல்லியையும் புதினாவையும் அருகே வைத்து, இரவு முழுதும் முறைபோட்டு விழித்திருந்தோம்.

விடியலில் கூண்டினுள் நான்கு சிறு புழுக்கைகள் கிடந்தன! குடல் இயங்கிவிட்டது. சற்றைக்கெல்லாம் முயல் கொத்தமல்லித் தழையொன்றைத் தானே கடித்தது. அம்மெல்லிய ஒலி கேட்டு, அழுது ஓய்ந்திருந்த எங்கள் மகள் எழுந்தோடி வந்தாள்.

பசித்தவர்க்கு உணவளித்தல் அறம். பசியையே மீட்டளித்தலும் அதனினும் குறைந்த அறமன்று.