நாளை மாலை 6.04

நாளை, 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலவில் இறங்குகிறது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். நிலவில் இறங்குவதற்கென்றே அந்த மொழியில் 'அலுனீர்' என்று தனிச் சொல் உண்டு. நம் பத்திரிகைகள் 'நிலவில் தரையிறங்கும்' என்றே எழுதுகின்றன. இருக்கட்டும், தரையிலும் நமக்குப் பங்குண்டு. நிலவு மண்ணுக்கு ஈடாக வைத்துச் சோதித்தது பக்கத்து மாவட்டமான நாமக்கல்லின் சித்தம்பூண்டி மண்ணைத்தானே!

2019-இல் 2.1 கி.மீ. உயரத்தில் விக்ரமின் தொடர்பு அறுந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் டிவியை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. இந்த முறை கால்களைக் கெட்டியாக்கி, எரிபொருளைக் கூட்டி, இறங்கும் இடத்தையும் 4-க்கு 2.4 கி.மீ. என்று அகலமாக்கியிருக்கிறார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். ஆனாலும் போன சனிக்கிழமை ருஷ்யாவின் லூனா-25 மோதி நொறுங்கியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

கடைசி நிமிஷங்களில் பெங்களூரிலிருந்து யாரும் அதை ஓட்டப் போவதில்லை. தானே பார்த்து, தானே முடிவெடுத்து இறங்க வேண்டும். ஃபைலை மேலே அனுப்பிவிட்டு உத்தரவுக்குக் காத்திருந்தே சர்வீஸை முடித்த எனக்கு, இதுதான் பெரிய ஆச்சரியம்.

நல்லபடியாக இறங்கினாலும், தூசி அடங்கி, 26 கிலோ பிரக்யான் ஆறு சக்கரத்தில் வெளியே வரச் சில மணி நேரம் ஆகுமாம். விழித்திருக்கப் போகிறேன். கொசுவத்திச் சுருள் வாங்கி வைத்தாயிற்று.