மேடைக்கு ஏறிய காய்கறி

கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகிறது. எங்கள் வீட்டில் அரிவாள்மனை மட்டும் மாறவில்லை. அம்மாவின் முழங்கால்கள் தரையில் உட்கார மறுத்த பிறகுதான் கத்தி தேட வேண்டிவந்தது.

மாட்டுங்கா பாத்திரக் கடைகளில் முதலில் ஐந்தாறு கத்திகள் கொண்ட செட்டைத்தான் நீட்டுவார்கள். வேண்டாம். சேனையும் பூசணியும் நறுக்கும் வீட்டுக்கு ஒன்றே போதும்: 6 முதல் 8 அங்குலம், விரல் முட்டி பலகையில் இடிக்காத அளவுக்கு அகலம். அலகின் உலோகம் கைப்பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால், சேனையோடு மல்லுக்கட்டும்போது பிடி ஆடத் தொடங்கும்.

இரும்புக் கத்திக்குக் கூர் சீக்கிரம் ஏறும். ஆனால் வாழைப்பூ நறுக்கினால் கத்தியும் கறுக்கும், பூவும் கறுக்கும். ஈரம் பட்டால் துரு வேறு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்த வம்பு குறைவு. மழுங்கினால் உடனே சாணை பிடித்துவிட வேண்டும். மழுங்கிய கத்திதான் ஆபத்து. அழுத்த அழுத்த வழுக்கும்.

அம்மாவின் சிக்கல் வேறு. அரிவாள்மனையில் அலகு அசையாது, இரண்டு கைகளும் காயைப் பிடித்திருக்கும். கத்தியிலோ அலகு அலைகிறது, காய் சும்மா கிடக்கிறது. அறுபது வருடக் கைப்பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்! கனமான கத்தியைத் தொட்டதும் வைத்துவிட்டாள். லேசான அலகு, தடித்த பிடி: வலிக்கும் விரல்களுக்கு அதுதான் ஒத்துவந்தது. இப்போது பீன்ஸ் பொடிப்பொடியாக விழுகிறது, கொஞ்சம் மெதுவாக.

“தேங்காய்க்கு என்ன செய்வாய்?” என்றாள். அதற்குக் கத்தி கிடையாது. அரிவாள்மனை பரணுக்குப் போகவில்லை. துருவுவது என் வேலையாகிவிட்டது.