பூஜ்யத்தையும் எழுதுகிறவர்கள்

மதுரைக்கு அருகே சாமநத்தம் கண்மாய்க் கரையில் நாங்கள் ஏறி நின்றபோது இன்னும் விடியவில்லை. ஊர்க் கோயிலில் மார்கழிப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் பனியில் கறுத்த மேகங்கள் போலத் தெரிந்தன. நாரைகள் கிளைகளில் அசையும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்களை அழைத்துப் போனவர் ஒரு பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போவதைப் பல வருடங்களாக விடாமல் செய்கிறவர். கூட ஒரு கல்லூரி மாணவி, இரண்டு இளைஞர்கள். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. முக்காலியை விரித்து ஸ்கோப்பைப் பொருத்தியபடி அவர் சொன்னார்: “கிழக்குக் கரையில நிக்கணும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தாத்தான் நிறம் தெரியும். எதிர்வெயில்ல எல்லாப் பறவையும் கறுப்புதான்.”

வெளிச்சம் பரவியதும் வேலை தொடங்கியது. ஒருவர் ஸ்கோப்பில் பார்த்து எண்ணிச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை போன்ற பெரிய பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வாத்துக் கூட்டம் அப்படி நிற்பதில்லை. “முதல்ல பத்து எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு கண்ணுல வச்சுக்க. அதை மரக்காலா வச்சு மத்ததை அள” என்றார் ஆசிரியர். நெல் அளக்கும் கணக்கு இங்கே கண்ணுக்கு வந்திருந்தது.

மாணவி பாதி எண்ணியிருந்தபோது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பி, சுழன்று, வேறிடத்தில் இறங்கியது. அவள் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்து, சேற்றோரம் ஓடிய ஒரு சின்ன உள்ளான். பொரி உள்ளான் என்று அவளுக்குத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ‘உள்ளான் வகை, இனம் தெரியவில்லை’ என்று எழுதினாள். ஆசிரியர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். இந்தத் தொழிலின் முதல் பாடம் ‘தெரியவில்லை’ என்று எழுதக் கூச்சப்படாமல் இருப்பது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இப்படி எழுதப்படும் நோட்டுகள் எங்கே போகின்றன? நீர்ப்பறவைகளுக்கான ஆசியக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வனத்துறையும் மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணுகிறது. பலர் தங்கள் பட்டியலை இபேர்டு செயலியில் ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? ‘ஆம்’ என்றால்தான், பட்டியலில் இல்லாத பறவை உங்கள் கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிறது.

அந்தத் தகவலின் அருமையை நாட்டுக்குக் காட்டியவை பிணந்தின்னிக் கழுகுகள். ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களில் அவற்றின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். பத்தாண்டு கழித்து எண்ணியபோது கூடுகள் மளமளவென்று குறைந்துபோயிருந்தன. பழைய எண்ணிக்கை இருந்ததால்தான் வீழ்ச்சியை நிரூபிக்க முடிந்தது. மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிமருந்தே காரணம் என்று பிறகு கண்டுபிடிக்கப்பட்டு, 2006இல் இந்தியாவில் அதன் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. முதல் கணக்கை யாரும் எழுதாமல் விட்டிருந்தால், ‘முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு’ என்ற பெருமூச்சுதான் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டி. பச்சை வயலுக்கு நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். ஒன்றில் தமிழிக் கல்வெட்டும் சமணர் படுகையும் இருக்கின்றன. பாறையைக் குடைந்த சிவன் கோயிலும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், சுமார் 250 பறவை இனங்கள் என்று அதற்கான காரணங்கள் அடுக்கப்பட்டன. அந்தப் பறவைகளில் மூன்றின் பெயர் தனியாகச் சொல்லப்பட்டது: லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு.

இங்கே மூன்றுக்கும் பாறை முகடுகள்தான் புகலிடம். ராசாளி சுள்ளிகளை அடுக்கிப் பெரிய கூடு கட்டும். வல்லூறுகளுக்குக் கூடு கட்டும் பழக்கமே கிடையாது. ஷாகின் செங்குத்துப் பாறையின் விளிம்பில் வெறுந்தரையிலேயே முட்டை இடும். லகுடு பாறை விளிம்பிலோ, காக்கையும் பருந்தும் விட்டுப்போன கூட்டிலோ இடும். லகுடு இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட சமவெளிகளுக்கு உரிய பறவை. தெற்கே மிக அரிது. உலக அளவிலும் அழிவை நெருங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பூச்சிக்கொல்லிகளும், வேறு வல்லூறுகளைப் பிடிக்க இதைக் கண்ணியில் கட்டும் வழக்கமும் இதன் எண்ணிக்கையைக் குறைத்தன. குன்றை உடைத்துவிட்டால் இவற்றுக்கு மாற்றிடம் நட்டு வளர்க்க முடியாது. மரம் நடலாம், மலை நட முடியுமா?

இந்த வட்டாரத்துக்கு அது கற்பனைப் பயமல்ல. மேலூரைச் சுற்றிப் பல குன்றுகள் கிரானைட் குவாரிகளாகிப் போயின. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த வெற்றி மக்களுடையது. அவர்கள் கையில் கல்வெட்டும் கோயிலும் கண்மாயும் இருந்தன. அவற்றோடு, யாரோ வெயிலில் உட்கார்ந்து எழுதிய பறவைப் பட்டியலும் இருந்தது.

குன்றுக்கு எதிரே வெகுதூரம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அதற்கு மேல் நெருங்க ஆசிரியர் விடவில்லை. தாய்ப்பறவை பயந்து எழுந்துவிட்டால், காயும் பாறையில் முட்டை வெந்துபோகும். கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்வதும் படமெடுத்துப் பரப்புவதும் இவர்களிடையே கிடையாது. முதலில் பாறையில் வெள்ளை எச்சத் தடம் தேடினார்கள். தடம் வழிந்திருக்கும் விளிம்பில் பறவை வந்து உட்காரும். பிறகு காத்திருப்பு. ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடேறிக் காற்று மேலெழும்பியது. அதன்மேல் ஏறி ராசாளி ஜோடி ஒன்று சிறகடிக்காமல் வட்டமிட்டது. கொஞ்ச நேரத்தில் புறாக்கள் சிதறின. கறுந்தலையும் செம்பழுப்பு வயிறுமாக ஒரு ஷாகின் முகட்டைக் கடந்து போனது. மாணவி நேரத்தைக் குறித்தாள்.

ஆடு ஓட்டி வந்த ஆத்தா ஒருவர் நின்றார். “வைரியவா தேடுறீக? ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி அந்தா அங்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. புறாவ அடிச்சுத் தின்னுட்டு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“தலை கறுப்பா இருந்துச்சா ஆத்தா, செம்மண் நிறமா?” என்று ஆசிரியர் ஆவலாகக் கேட்டார். செம்மண் தலை என்றால் அது லகுடு.

ஆத்தா யோசித்தார். “அது தெரியலய்யா. வெயிலு கண்ணக் கூசுச்சு.”

நினைத்திருந்தால் எங்கள் ஆசைக்கு ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. நேற்றுக் கண்மாய்க் கரையில் மாணவி எழுதிய அதே சொல் இது. ஆசிரியர் அதை ‘கேட்டது’ என்ற தனிப் பகுதியில், எண்ணிக்கை போடாமல் எழுதச் சொன்னார்.

உச்சிவெயில் வரை லகுடு வரவில்லை. பட்டியலில் ராசாளி 2, ஷாகின் 1. மாணவி நோட்டை மூடப்போனாள்.

“லகுடையும் எழுது பாப்பா. பூஜ்யம்னு போடு.”

“பார்க்காததை எதுக்கு சார் எழுதணும்?”

“தேடிப் பார்த்தோம்ல. ஆறு மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் உட்கார்ந்தோம்ல. வராமப்போன பூஜ்யம் வேற, வந்து தேடின பூஜ்யம் வேற. பின்னாடி எண்ணுறவனுக்கு அது தெரியணும்.”

அவள் எழுதினாள்: லகுடு வல்லூறு, 0. பக்கத்தில் தொடங்கிய நேரம், முடித்த நேரம். கீழே, யாரும் சொல்லாமலே, மாசியில் மறுபடி வருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் குறித்துக்கொண்டாள்.