போனேனா, போய்க்கொண்டிருந்தேனா?

வானொலியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது" என்று சொல்கிறேன் என நான் கணக்கு வைத்ததில்லை. அந்தக் 'கொண்டிரு' இருக்கிறதே, ஆங்கிலத்தில் 'இங்' செய்யும் வேலையும் அதுதான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். ஆனாலும் ஆங்கிலப் பாடத்தில் ஏதோ புதிய சங்கதிபோல் திணறுகிறார்கள்.

சென்ற ஆண்டு கலும்பாங்கில் என் அத்தை மகனுக்கு விபத்து. இரவு வேலைக்காக மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் மாலிம் பக்கம் போனவனை லோரி மோதி, கால் முறிந்தது. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கம்பெனியில் கேட்டார்கள். "ஐ வெண்ட் டு வொர்க். எ லோரி ஹிட் மீ" என்று எழுதியிருக்கிறான். வாசித்தவருக்குச் சந்தேகம்: வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகா மோதியது? நடுவில் வேறெங்காவது போனபோதா?

வீண் கேள்வி இல்லை அது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. சொந்தக் காரியமாக வழி மாறிப் போனால் அது வேலை விபத்தாகக் கணக்கில் வராது. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவன் வீட்டில் உலை கொதிப்பது அந்தப் பணத்தில்தான்.

"லோரி மோதினப்ப நீ என்னடா செஞ்சுக்கிட்டு இருந்தே?"

"வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன்க்கா."

"அதையே எழுது."

'இருந்தேன்' என்பதற்கு 'வாஸ்'. 'போய்க்கொண்டு' என்பதற்கு 'கோயிங்'. ஐ, ஹீ, ஷீ, இட் வந்தால் வாஸ். யூ, வீ, தே வந்தால் வேர். இருந்தேன், இருந்தாய், இருந்தான், இருந்தோம் என்று தமிழில் எத்தனை விகுதி! ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு. நீண்டுகொண்டிருந்த செயலுக்கு இந்த வடிவம், அதன் குறுக்கே வந்து விழுந்ததற்குச் சாதாரண இறந்தகாலம். "ஐ வாஸ் ரைடிங் டு வொர்க் வென் எ லோரி ஹிட் மீ." இரண்டு வாக்கியம் ஒன்றானது. யாரும் மறுபடி கேட்கவில்லை.

மலாயில் 'சாயா செடாங் மாக்கான்' என்றால் இப்போது சாப்பிடுவதும் அதுவே, அப்போது சாப்பிட்டதும் அதுவே. காலத்தைக் காட்ட 'தாடி', 'செமாலாம்' என்று வேறு சொல் வரவேண்டும். நம் பிள்ளைகள் 'ஐ கோயிங்' என்று 'வாஸ்'ஐ விழுங்குவது இந்தப் பழக்கத்தால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழைப் பிடித்துக்கொண்டு போனால் அது விழாது. 'ஐ வாஸ் நோயிங்' கூட வராது. 'எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது' என்று நாம் சொல்வதில்லையே.

அவன் தங்கை ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் அவளிடமும் கேட்டுப் பார்த்தேன்: "நேத்து கரண்ட் போனப்ப நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தே? முதல்ல மனசுக்குள்ள தமிழ்ல சொல்லு, அப்புறம் இங்கிலீஷ்ல."

கண்ணை மூடி யோசித்தாள். "ஐ வாஸ் வாட்சிங் கார்ட்டூன்."

படித்துக்கொண்டிருந்ததாக அத்தையிடம் சொல்லியிருந்தாளாம்.