ஒரே ஒரு எழுத்து

போன மாசம் அக்கா ஃபோன் பண்ணினாங்க. "ஜீனையும் கோடிங்கையும் சேர்த்துச் சொல்லித்தர்ற சம்மர் கேம்ப் ஒண்ணு இருக்குடா, ஃபீஸ்தான் ரொம்ப அதிகம். சேர்க்கலாமா?" அக்கா மகளுக்குப் பதிமூணு வயசு. ஸ்கூலில் டி.என்.ஏ. பாடம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

"முதல்ல ஒரு சனிக்கிழமை அவளை என்கிட்ட விடுக்கா" என்றேன்.

நான் சாஃப்ட்வேர்காரன், உயிரியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்தத் துறையில் ஆராய்ச்சியாளர்கள் தினமும் பயன்படுத்தும் பல கருவிகள் இலவசம் என்று எனக்குத் தெரியும். பைத்தான் மொழியில் இயங்கும் 'பயோபைத்தான்' 1999-இல் தொடங்கியது. ஒரு மரபணு வரிசை வேறு எதோடு ஒத்துப்போகிறது என்று தேடித்தரும் 'பிளாஸ்ட்' 1990-இல் வந்தது. அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம். மரபணு வரிசைகளைச் சேமித்து வைத்திருக்கும் 'ஜென்பேங்க்'கும் அங்கேதான் இருக்கிறது.

அங்கிருந்து ஹெச்.பி.பி. என்ற ஜீனை இறக்கினோம். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்குவது இதுதான். புரதத்துக்கான பகுதி மொத்தம் 444 எழுத்துகள். பயோபைத்தானில் ஒரே வரி எழுதினால், 147 அமினோ அமிலங்களாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

பிறகு இருபதாவது எழுத்தான 'ஏ'வை 'டி' என்று மாற்றச் சொன்னேன். ஏழாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வந்தது.

"இவ்ளோதானா மாமா?"

இவ்வளவுதான். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால் அதுதான் சிக்கிள் செல் அனீமியா. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல்.

அவள் விடவில்லை. "புக்குல ஆறாவது இடம்னு போட்டிருக்கே, நமக்கு ஏன் ஏழு?" நல்ல கேள்வி. புரதம் உருவாகும்போது முதல் அமினோ அமிலம் வெட்டப்பட்டுவிடுகிறது. பழைய கணக்கு அதைச் சேர்க்காமல் எண்ணியது.

அடுத்த கேள்விதான் பெரியது: "நமக்கும் இருக்குமா?"

இதே ஜீனில் வரும் வேறு மாற்றங்களால்தான் பீட்டா தலசீமியாவும் வருகிறது. தெற்காசியக் குடும்பங்களில் அதன் கேரியர்கள் உண்டு. கேரியர்கள் பொதுவாக நன்றாகவே இருப்பார்கள். அப்பா, அம்மா இரண்டு பேருமே கேரியர் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதற்கு லேப்டாப் பதில் சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். குடும்ப டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எச்சில் டெஸ்ட்டில் கிடைத்த டி.என்.ஏ. ஃபைலைப் பிள்ளைகள் கண்ட தளத்திலும் ஏற்ற விடாதீர்கள். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது. அதில் உங்கள் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் விவரமும் சேர்ந்தே இருக்கிறது. விளையாட ஜென்பேங்கில் இருப்பதே தாராளம்.

வீட்டில் தொடங்க 'ரோசலிண்ட்' என்ற இலவசத் தளம் போதும். முதல் கணக்கே ஒரு வரிசையில் நாலு எழுத்தும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுவதுதான். உங்களுக்குப் பைத்தான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையோடு பக்கத்தில் உட்காருங்கள். கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.